நிம்பாள்கரின் புல்லட்டுக்குப் புது ஹேண்டில்பார்

உல்கா சாவந்த் அந்த புல்லட்டை இரண்டு முறை சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றைத் தொடங்கியபோது அவளுடைய உதவியாளன் தினுவுக்குப் பொறுக்கவில்லை.

“போதும் மேடம். இதுக்கு மேல சுத்தினா தேங்காய் உடைக்கணும்.”

“வாயை மூடிட்டுக் கண்ணைத் திற. என்ன தெரியுது?”

“ஒரு வண்டி தெரியுது. அதுல இருக்க வேண்டியது எல்லாமே இருக்கு. திருட்டுப் போன வண்டிக்கு இது அழகே இல்ல.”

அதுதான் இந்த வழக்கின் வேடிக்கை. பஞ்சகங்கா ரைடர்ஸ் கிளப்பின் தலைவர் ஆனந்தராவ் நிம்பாள்கர், தசரா முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஷெட்டைத் திறந்தார். அவர் உயிராக வைத்திருந்த புல்லட் அப்படியே நின்றது. ஆனால் இளவயதில் பந்தயத்துக்காக அவர் மாட்டிய தாழ்வான, நேரான ஹேண்டில்பாரைக் காணவில்லை. அந்த இடத்தில் உயரமான, பின்பக்கம் வளைந்த புது ஹேண்டில்பார் ஒன்று பளபளவென்று மாட்டப்பட்டிருந்தது. கோலாப்பூர் வண்டிக்காரர்கள் அந்த மாதிரிக்கு வைத்திருக்கும் பெயர் பால்காரன் பார். அதை மாட்டிக்கொண்டவனைக் கிளப்பில் யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை.

நிம்பாள்கர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பழியை அவர் யார் மேல் போட்டார் என்பதுதான் சிக்கல். முப்பது வருடச் சிநேகிதர் விலாஸ் கோர்படேதான் குற்றவாளி என்றார். கோர்படேதான் போன மாதம் கிளப்பில் எல்லார் முன்னாலும், “ஆனந்தா, இனிமே குனிஞ்சு ஓட்டாதே. நிமிர்ந்து உக்கார்ற பார் ஒண்ணு நானே மாட்டித் தர்றேன்” என்று கேலி செய்தவர். அந்தக் கோர்படேயின் மகள் மிருணாளுக்கும் நிம்பாள்கரின் மகனுக்கும் இந்த வாரம் நிச்சயதார்த்தம். இன்று மத்தியானத்துக்குள் கோர்படே வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் சம்பந்தம் ரத்து என்று நிம்பாள்கர் சொல்லி அனுப்பிவிட்டார். கோர்படேயோ நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழி தெரியாமல் மிருணாள் துப்பறியும் உல்காவிடம் வந்தாள்.

“ஷெட் பூட்டு உடையலை. சாவியும் பூஜையறை ஆணியிலேயே தொங்குது,” என்றாள் உல்கா. “ஹேண்டில்பார் உயர்ந்தா பழைய கேபிள் எட்டாது. கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பிரேக், மூணுக்கும் சரியான நீளத்துல புதுக் கேபிள் போட்டிருக்கான். கேலிக்குச் செய்யறவன் இவ்வளவு மெனக்கெடுவானா?”

“துடைச்சு எண்ணெய் வேற விட்டிருக்கான். இந்த மாதிரித் திருடன் நம்ம ஸ்கூட்டருக்கும் ஒருதடவை வந்தா நல்லாருக்கும்.”

வண்டியின் நெற்றியில் தசராவுக்குப் போட்ட சாமந்தி மாலை வாடித் தொங்கியது. மஞ்சளும் குங்குமமும் அங்கங்கே தீற்றியிருந்தன. அந்த வாரம் கோலாப்பூரில் மஞ்சள் குங்குமம் பூசாத வண்டியே கிடையாது. தண்ணி லாரியிலிருந்து குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் வரை எல்லாம் பூஜை முடித்துத்தான் ஓடின. உல்காவின் கண் அதன் மேல் ஒரு கணம்கூடத் தங்கவில்லை.

“தினு, இவர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தனியா எங்கே போறதா சொன்னாங்க?”

“பன்ஹாளாக் கோட்டை வரைக்கும். போன வாரம் மலை வளைவுல ஒரு லாரியையே முந்தினாராம்.”

“வா, அந்த வழியில விசாரிப்போம்.”

ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ரங்காளா ஏரிக்கரையின் கடைசியில் டீக்கடை வைத்திருக்கும் சுமன் மௌசி, புல்லட்காரர் என்றதும் சிரித்துவிட்டாள்.

“பன்ஹாளாவா? யாரு சொன்னது? விடிஞ்சதும் இங்க வருவாரு. அந்த மரத்துக்குப் பின்னால வண்டியை நிறுத்துவாரு. வெயில் ஏர்ற வரைக்கும் இந்தப் பெஞ்சுதான் அவருக்குக் கோட்டை.”

“எத்தனை நாளா மௌசி?”

“போன மழைக்காலத்துல இருந்து. டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுப்பாரு பாவம். பிரசாதம் வாங்கற மாதிரி. ஒருநாள் நழுவி விழுந்து உடைஞ்சுது. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு.” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சொல்லிட்டேனே!”

உல்காவின் மனதில் எல்லாம் மளமளவென்று பொருந்தின. காலையில் நிம்பாள்கரைப் பார்த்தபோது அவர் போட்டிருந்தது பட்டன் இல்லாத பனியன் சட்டை. காலில் கொக்கி மாட்டத் தேவையில்லாத செருப்பு. பேனாவை நீட்டியபோது, “நீங்களே எழுதிக்குங்க” என்றார். வருடக்கணக்கில் குனிந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் மணிக்கட்டில் போட்டு ஓட்டிய கை. இப்போது மரத்துப்போகிறது.

“திருடனே கிடையாது தினு. அவரே மாத்திக்கிட்டார். கிளப்புல சொல்ல வெட்கம். திருட்டுன்னு கூச்சல் போட்டா பால்காரன் பார்ல ஓட்டினாலும் மானம் போகாது பாரு. கேலி செஞ்ச சிநேகிதன் மேல பழி. கச்சிதம்!”

தினு தலையைச் சொறிந்தான். “கச்சிதம்தான். ஆனா மேடம், அவரைத் தனியாக் கூப்பிட்டு காதோட சொல்லிடலாம். பெரிய மனுஷன். அங்க கிளப் ஆளுங்க வேற உக்காந்திருக்காங்க.”

“தனியாச் சொன்னா மறுத்துடுவார். அப்புறம் மிருணாள் கல்யாணம் என்ன ஆகறது?”

அது உண்மையான காரணம்தான். ஆனால் முழுக் காரணம் அல்ல. ஒரு கூடம் நிறைய ஆட்கள், எல்லாருடைய கண்ணும் தன் மேல், கடைசியில் ஒரு விரலை நீட்டிப் பெயரைச் சொல்வது. அந்த ருசி உல்காவுக்குப் பழகிப்போயிருந்தது.

நிம்பாள்கர் வீட்டுக் கூடத்தில் கிளப்காரர்கள் மூன்று பேர் சோபாவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிருணாள் கதவோரம் நின்றாள். நிம்பாள்கரின் மனைவி சுலபா, எல்லாருக்கும் அவல் போஹா தட்டு வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகியபடி சமையலறை வாசலில் நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டும் குள்ளமான உருவமுமாக, உல்கா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

“என்னம்மா, கோர்படே ஒத்துக்கிட்டானா?” நிம்பாள்கரின் குரல் கூடத்தை நிறைத்தது.

“கோர்படே ஒத்துக்க வேண்டிய அவசியம் இல்லை சார். திருட்டுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நீங்க பன்ஹாளா போகலை. அதுக்கு முந்தின வாரமும் போகலை. ஒரு வருஷமா ரங்காளா டீக்கடையைத் தாண்டி உங்க வண்டி போனதே இல்லை.”

சோபாவில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, நிம்பாள்கரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உல்கா நிறுத்தவில்லை. டீ கிளாஸைச் சொன்னாள், பட்டனைச் சொன்னாள், செருப்பைச் சொன்னாள். “உங்க கை மரத்துப்போச்சு. குனிஞ்சு ஓட்ட முடியலை. அதனால சௌகரியமான ஹேண்டில்பாரை நீங்களே மாட்டிக்கிட்டு, பழியைச் சிநேகிதர் மேல போட்டுட்டீங்க.”

சுலபாவின் கையிலிருந்த கரண்டி கதவில் இடித்து ஓசை எழுப்பியது.

நிம்பாள்கர் கத்துவார் என்று உல்கா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. மெதுவாக எழுந்தார்.

“வா. வெளியில வா. எல்லாரும் வாங்க.”

முற்றத்தில் புல்லட் நின்றது. அவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஆறடி மனிதர். அந்த ஹேண்டில்பாரைப் பிடித்ததும் முழங்கைகள் இரண்டும் பின்பக்கம் மடங்கி, கோழி இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டன. ஹேண்டிலைத் திருப்பினார். அதன் முனை அவர் முழங்காலில் இடித்து நின்றது. திரும்பவும் திருப்பினார். திரும்பவும் இடித்தது.

“எனக்காக நான் செஞ்சுக்கிட்டதா இது? சொல்லும்மா. எனக்கு மாட்டினா என் அளவுக்கு மாட்டிக்க மாட்டேனா?”

உல்கா இடிபட்ட அந்த முழங்காலைப் பார்த்தாள்.

“நான் பொய் சொன்னேன். பன்ஹாளா விஷயத்துல பொய் சொன்னேன். ஆனா இதுல பொய் சொல்லலை.” அவர் கிளட்சைப் பிடிக்கப் போனார். விரல்கள் அதன் மேல் படிந்தன. அழுத்தினார். லீவர் அசையவில்லை. மற்றொரு கையையும் கொண்டுவந்து அழுத்திய பிறகுதான் அசைந்தது. கிளப்காரர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்படித் திரும்பியதுதான் அவரை உடைத்தது. வண்டியிலிருந்து இறங்கி, ஷெட் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

உல்காவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. திருட்டைப் பற்றித் தவறாகச் சொன்னாள், அது போகட்டும். சரியாகக் கண்டுபிடித்தது அவர் கையைப் பற்றி மட்டும்தான், அதுவும் யாருக்கும் தேவைப்படாதது. அதை ஊர் கூட்டிச் சொல்லியாயிற்று. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த ஹேண்டில்பாரையே பார்த்தாள்.

அப்போதுதான் தெரிந்தது. ஹேண்டில்பாரின் நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் பொட்டு. அதன் மேல் சின்னதாக ஒரு குங்குமம். நிதானமாக மோதிரவிரலால் வைத்தது.

தசராவுக்கு வைத்ததில்லை இது. தசரா அன்று இந்த ஹேண்டில்பாரே வண்டியில் இல்லை.

ஊரே குங்குமமாக இருந்த வாரத்தில் இந்தக் குங்குமம் யார் கண்ணிலும் படவில்லை. மாட்டிய பிறகு யாரோ தனியாகப் பூஜை செய்திருக்கிறார்கள். முதலில் மஞ்சள், அதன் மேல் குங்குமம் என்று ஒழுங்காக வைக்கும் கை. ஷெட் சாவி பூஜையறை ஆணியில் தொங்கும் வீடு. கைப்பிடிகள் வந்து நிற்கும் உயரம், குள்ளமான ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் கை சுகமாகப் போய்ச் சேரும் உயரம்.

உல்கா தலையைத் தூக்கினாள். வீட்டு வாசற்படியிலிருந்து சுலபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” தினு கிசுகிசுத்தான். அவன் பார்வையும் அந்தப் பொட்டில்தான் இருந்தது.

“பேசாதே,” என்றாள் உல்கா. பிறகு நிம்பாள்கரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: “நான் தப்பு பண்ணிட்டேன் சார். எல்லாமே தப்பு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியலை. நாங்க கிளம்பறோம்.”

“நில்லும்மா,” என்று ஒரு குரல் வந்தது. “உனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி போக வேண்டாம்.”

சுலபா முற்றத்தில் இறங்கினாள். தலைப்பை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். யாரும் புரிந்துகொள்வதற்குள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, புல்லட்டில் ஏறி உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் கைப்பிடியில் போய்ச் சேர்ந்தன. முழங்கை மடங்கவில்லை, முதுகு வளையவில்லை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது.

“நான்தான் மாட்டச் சொன்னேன். சனிக்கிழமை ராத்திரி மாட்டினது உங்க சிநேகிதர் விலாஸ் பாவுஜி.”

நிம்பாள்கர் திரும்பினார். “நீயா? உனக்கு எதுக்கு?”

“ஓட்டறதுக்கு. வேற எதுக்கு? கல்யாணத்துக்கு முன்னால அப்பாவோட ராஜ்தூத் பைக்ல தினமும் பால் கேன் கட்டிக்கிட்டு சொசைட்டிக்கு ஓட்டினவதான் நான். உங்களுக்குத் தெரியும். உங்க வண்டியில பின்னால உக்காரச் சொன்னீங்க, உக்காந்தேன். ஒருநாளும் முன்னால உக்கார்றியான்னு கேட்டதில்ல.”

“சுலபா...”

“அம்போலி மலைக்குப் போகலாம்னு போன மழையில சொன்னீங்க. இந்த மழையிலயும் சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் வண்டி சரியில்லைன்னீங்க. வண்டி நல்லாத்தான் இருந்துது.” அவள் குரல் தாழ்ந்தது. “ராத்திரி நீங்க தூங்கினதும் விரலை நான்தானே தேய்ச்சு விடறேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நான் ஓட்டறேன், நீங்க பின்னால உக்காருங்கன்னு சொல்லணும். அதைச் சொல்ல முதல்ல உங்க கையைப் பத்திப் பேசணும். அதை நீங்க என்கிட்டகூட ஒத்துக்கலையே.”

“விலாஸுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன். கிளப்புல கேலி செஞ்சாரே, அது கேலியில்ல. நீங்க எப்படி எடுத்துப்பீங்கன்னு ஆழம் பார்த்தார். ஞாயித்துக்கிழமை காலையில டீயோட வந்து உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஷெட்டைத் திறந்து, ஊரைக் கூட்டி, அவரைத் திருடன்னுட்டீங்க. அன்னிக்கு சாயங்காலமே நான் போன் பண்ணேன். ‘அண்ணி, நீங்க வாயைத் திறக்காதீங்க, காரணம் சொன்னா அவன் கையைப் பத்திச் சொல்லியாகணும், கோபம் ஆறட்டும்’னார். சம்பந்தத்தை நிறுத்தறேன்னு நீங்க சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார்.” சுலபா மிருணாளைப் பார்த்தாள். “உனக்குத்தான் நான் துரோகம் பண்ணேன் கண்ணு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள எப்படியாவது சொல்லிடணும்னுதான் இருந்தேன்.”

மிருணாள் அழுதுகொண்டிருந்தாள். “அப்பா என்கிட்டகூடச் சொல்லலை அத்தை.”

உல்கா அங்கேயே நின்றாள். இரண்டு பேர், தங்கள் பிள்ளைகளின் கல்யாணமே தள்ளாடினாலும் பரவாயில்லை என்று இத்தனை நாளாகப் பொத்திப் பாதுகாத்த ஒரு விஷயம். அதை அவள் போஹா ஆறுவதற்குள் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டாள். பாதி உண்மையைக் கண்டுபிடித்த பெருமைக்காக.

“சார்,” என்றாள். “தனியாச் சொல்லலாம்னு தினு சொன்னான். நான் கேக்கலை. எல்லாரும் பார்க்கணும்னு எனக்கு ஆசை. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு முகம் இல்ல.”

நிம்பாள்கர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எல்லாரும் பார்க்கணும்னுதான்மா நானும் கத்தினேன் அன்னிக்கு,” என்றார். பிறகு கிளப்காரர்களிடம், “நீங்க போங்கப்பா. போஹா ஆறுதுன்னா கட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்குக் கிளப்புல சிரிக்கறதுக்கு நிறைய இருக்கு,” என்றார்.

“தலைவரே, நாங்க ஏன்...” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“சிரிங்கப்பா. நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.”

அவர்கள் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள்.

நிம்பாள்கர் ஷெட் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நாடாவைக் கட்ட முடியவில்லை. சுலபா கையை நீட்டினாள். அவர் ஒரு நிமிடம் தயங்கினார், பிறகு குனிந்து மோவாயைக் காட்டினார். அவள் கட்டிவிட்டாள். அவர் பின் சீட்டில் ஏறினார். ஆறடி மனிதர், இந்தக் குள்ள மனைவியின் முதுகுக்குப் பின்னால் எங்கே ஒளிந்துகொள்வது? தோளுக்கு மேல் தலை முழுசாகத் தெரிந்தது.

“எங்கே போறது?” என்றாள் சுலபா.

“விலாஸ் வீட்டுக்கு. கடைத்தெரு வழியாப் போகாதே.”

“சுத்து வழியில போனா மத்தியானம் ஆயிடும்.”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி. கடைத்தெரு வழியாவே போ.”

புல்லட் தடதடவென்று கிளம்பியது. மிருணாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு உல்காவும், மிருணாள் வந்த வண்டியில் தினுவும் தொடர்ந்தார்கள். கடைத்தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெல்ல மண்டிக்காரர் ஒருவர் எழுந்தே நின்றார். “என்ன ஆனந்தராவ், பிரமோஷனா?” என்று யாரோ கூவினார்கள். நிம்பாள்கரின் கழுத்துச் சிவந்ததைப் பின்னால் வந்த உல்கா பார்த்தாள். அது தன்னால் சிவந்த கழுத்து என்று அவளுக்குத் தோன்றியது. அவர் தலை குனியவில்லை.

கோர்படே வீட்டு வாசலில் சுலபா ஹாரன் அடித்தாள். கதவு திறந்தது. மெலிந்த, நரைத்த மீசைக்காரர் வெளியே வந்தார். முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்தார்.

நிம்பாள்கர் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கோர்படே முன்னால் போய் நின்றார். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. உள்ளிருந்து சிநேகிதரைச் செல்லப் பெயரில் கூப்பிடும் குரல் மட்டும் வந்தது.

“வில்யா.”

“சொல்லு.”

“இதைக் கழட்டணும். எனக்கு முடியலை. நாடாவை அவிழ்த்து விடுடா.”

கோர்படே இரண்டு கையையும் தூக்கினார். மோவாய்க்குக் கீழே கொக்கியைத் தேடினார். அது எளிதில் அகப்படவில்லை. “அசையாம நில்லுடா கழுதை,” என்றார். அசையாமல் நின்றவரின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு துளி நழுவி கோர்படேயின் கைமேல் விழுந்தது. ஹெல்மெட் கழன்றதும், “வியாழக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு ஷெர்வானி எடுத்திருக்காங்க,” என்றார் நிம்பாள்கர், தரையைப் பார்த்தபடி. “ஏகப்பட்ட பட்டன். நீ சீக்கிரமா வந்துடு.”

மிருணாள் ஓடிப்போய் இரண்டு பேர் காலிலும் ஒரேயடியாக விழுந்தாள். சுலபா வண்டியில் உட்கார்ந்தபடியே தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உல்கா தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றாள். வழக்கு முடிந்துவிட்டது. எல்லா வழக்கின் முடிவிலும் ஏதாவது நையாண்டி சொல்கிற தினு இன்று வாயே திறக்கவில்லை.

“ஏதாவது சொல்லித் தொலையேன்,” என்றாள் அவள்.

“வண்டியை எடுக்கட்டுமா மேடம்?”

அவள் தலையசைத்தாள். அதற்குள் கோர்படே அவளைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் யார் என்று கேட்பது காதில் விழுந்தது. நிம்பாள்கர் திரும்பிப் பார்த்தார்.

“நம்ம மிருணாளுக்கு வேண்டியவங்க,” என்றார். “உள்ள கூப்பிடு. டீ குடிச்சிட்டுப் போகட்டும்.”

தெருவைக் கடக்க இரண்டு எட்டுதான். உல்காவுக்கு அந்த இரண்டு எட்டு வைக்கக் கால் எழவில்லை.